பச்சை வாசனை போகாத செண்டு

1

ஒரு ஆம்பளை செண்டைப் பற்றி எழுதப்போகிறேன். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இவளுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். சிரித்து முடித்துவிட்டே படியுங்கள், எனக்கு அவசரமில்லை.

வருகிற தை மாதத்துக்கு என் வீட்டுக்காரர் இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறார். போவதற்கு மட்டும், திரும்பி வருவதற்கு இல்லை. இங்கிலாந்தில் குப்பை கொட்டியது போதும், குன்றத்தூரில் வாங்கிப் போட்ட மாடி வீட்டில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். அவருடைய முடிவு என்றால் அது எனக்கும் சேர்த்துத்தான். நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. போவதா இருப்பதா என்பதுதான் கொஞ்ச நாளாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணன் மகன் பிரபு போன் செய்வான். இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் நிலம் இருந்த பக்கம் இப்போது கார் தொழிற்சாலை. அவன் அதில் கார் பூட்டுகிற லைனில் வேலை பார்க்கிறான், குடியிருப்பது குன்றத்தூரில். "அத்தே, வூடு பூட்டியே கீது. நீ வந்து வெளக்கேத்து. பக்கத்துலயே நாங்க கீறோம், இன்னா பயம் உனக்கு?" என்பான். பயம் ஒன்றுமில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் அந்தச் செண்டு. அதைப் பிரபுவிடம் எப்படிச் சொல்வது? போன வாரம் என் வேலையே அதை என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டது.

என் வேலை மோந்து பார்ப்பது. பர்மிங்காம் பக்கத்தில் வாசனைப் பொருள் கலந்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனி. சோப்புக்கு, ஷாம்புக்கு, செண்டுக்கு என்று பலருக்கும் கலக்கிறோம். நான் டப்பா ஒட்டும் பிரிவில் சேர்ந்தவள். ஒருநாள் ஒரு பீப்பாயைத் தாண்டிப் போகும்போது இது கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லப்போக, உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தது. அதிலிருந்து மேலே உட்கார வைத்துவிட்டார்கள். காகிதப் பட்டையில் தோய்த்து நீட்டுவார்கள்; மோந்து பார்த்து என்ன தெரிகிறது என்று எழுத வேண்டும்.

போன வாரம் எங்கள் மேலாளர் கிளேர் இரண்டு புட்டிகளை வைத்தாள். ஒரு பழைய காலத்து ஆம்பளை செண்டு. அதில் ஓக் மரத்துப் பாசி சேரும். அது சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்குகிறது என்று குறைக்கச் சொல்லிவிட்டார்கள். பாசியைக் குறைத்துப் புதிதாகக் கலந்திருக்கிறார்கள். பழையதும் புதியதும் ஒன்றுபோல இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். புட்டியைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக் குளியலறையில், நான் வந்த நாளிலிருந்து இருப்பது.

2

அதன் மணத்தை உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன், இங்கே யாருக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை.

அடித்த உடனே பீர்க்கங்கொடியை நடுவில் ஒடித்த மாதிரி பச்சையாக ஒரு வீச்சு. நொச்சி இலையைக் கையில் கசக்கினால் வருகிற காரமும் அதில் உண்டு. அந்தப் பச்சைக்குக் காரணம் கால்பனம் என்கிற பிசின், பெருங்காயச் செடிக்குப் பங்காளி முறை. பிறகு கசப்பு ஏறும். வேப்பங்கொழுந்தை மென்று துப்பிய பிறகும் தொண்டையில் நிற்குமே, அது போல. அரை நாள் கழித்து ஈர மரப்பட்டை, தோல் செருப்பு, கொஞ்சம் சிகரெட். இனிப்பு என்பது மருந்துக்குக்கூடக் கிடையாது. பூ கிடையாது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் போட்டுக்கொள்கிற மிட்டாய்க்கடை வாசனைக்கு நேர் எதிர். நல்ல செண்டா என்று கேட்டால், நல்ல செண்டுதான். தொழில் தெரிந்தவன் கலந்தது.

"கிரீன்" என்றுதான் இந்த வாசனையை இங்கே சொல்கிறார்கள். சேர்ந்த புதிதில் எனக்கு அது விளங்கவில்லை. நமக்குப் பச்சை என்றால் நிறமும் பச்சைதான், வேகாததும் பச்சைதான். முதல் முறை இப்படி ஒரு பட்டையை நீட்டியபோது, "ரா ஸ்மெல், இன்னும் கொஞ்சம் வதக்கணும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கிளேர் அதைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்தாள். அன்றிலிருந்து பச்சையாக எது வந்தாலும் "தேவகியிடம் கொடுங்கள், வதக்கிவிடுவாள்" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். பச்சை வாசனை போகாத குழம்பை யார் தலையில் கட்டினார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

3

1991 எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு பெங்களூர் ரோட்டில் எந்த வண்டியையும் நிறுத்திச் சோதிப்பது வழக்கமாகிவிட்டது. நிச்சயத்துக்குப் போகிற வேனை நிறுத்தி வரிசைத் தட்டைக் கிளறினார்கள். பேச்சுவழக்கு கொஞ்சம் மாறியிருந்தால் போதும், எந்த ஊர், யார் வீடு என்று நோண்டினார்கள்.

ஆவணியில் இவர் என்னைப் பெண் பார்க்க வந்தார். குன்றத்தூர்க்காரர், பெயர் சம்பத். லண்டனில் கார் கம்பெனியில் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். எங்களுக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான். காலையிலேயே வருவதாகச் சொன்னவர்கள் மத்தியானம் வரை வரவில்லை. கேசரி ஆறிக் கட்டி தட்டிவிட்டது. எனக்குத் தலையில் வைத்த பூ வாடிப்போய் மறுபடி கட்டினார்கள்.

கடைசியில் டாக்சி வந்தது. அவர் இறங்கி வாசல்படி ஏறியதும் வீடு முழுக்க அந்த வாசனை. சும்மா இல்லை, ஆளையே தள்ளுகிற அளவுக்கு. வழியில் போலீஸ் நிறுத்தியிருக்கிறார்கள். இவர் பையில் பச்சைக் கண்ணாடிப் புட்டி. இது இன்னா திரவம் என்று கான்ஸ்டபிள் கேட்டிருக்கிறார். செண்டு என்று சொன்னால் நம்பவில்லை. நிரூபிக்க வேண்டி இவர் தன் சட்டைமேலேயே அடித்துக் காட்ட, அவர் இன்னொரு தடவை அடி என்று சொல்ல, பிறகு அவருடைய மேலதிகாரி வந்து மறுபடி அடிக்கச் சொல்ல, பாதிப் புட்டி இவர் மேல்தான். இதைச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்காமல் கேசரியைத் தின்றார்.

என் அப்பாவின் தங்கை கன்னியம்மா அத்தை சமையற்கட்டுக்கு வந்து என் காதில் சொன்னாள்: "இன்னாடி இது, மாப்ள மேல பச்ச வாசன வருது. வெந்தாத்தான் தெரியும் ருசி." சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய் நேராகவே கேட்டாள்: "அங்க தனியாவா கீறீங்க தம்பி?" அவர், "தனியாத்தான் இருக்கேன்" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

என்னிடம் சம்மதம் கேட்டார்கள். அதற்கு முன்னால் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒருவன் வந்து போயிருந்தான். மேலெல்லாம் ரோஜா செண்டு, வாயெல்லாம் சிரிப்பு. கம்பெனியில் பர்மனென்ட் என்றான். அண்ணன் போய் விசாரித்தால் கான்ட்ராக்ட். ஆகவே இனிப்பாக மணக்கிறவன் பொய்யன் என்று நான் ஒரு சட்டம் போட்டுவைத்திருந்தேன். கசப்பு உடம்புக்கு நல்லது என்று சொல்லித்தானே நம் வீடுகளில் வளர்க்கிறார்கள். பாகற்காயும் வேப்பம்பூவும் நிலவேம்பும் நல்லது என்றால், கசப்பாக மணக்கிற ஆம்பளையும் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும். சிரிக்காதவன், குழையாதவன், உண்மை பேசுகிறவன். உலகத்தில் வேறு எந்த ஊர்ப் பெண்ணும் இப்படி ஒரு கணக்குப் போட்டுக் கழுத்தை நீட்டியிருக்கமாட்டாள். நான் நீட்டினேன்.

4

விசாவுக்கு மெட்ராஸ் போனேன். விண்ணப்பத்தில் பிறந்த ஊர் எழுதிய இடத்தைப் பார்த்ததும் வெள்ளைக்கார அதிகாரி தலையை நிமிர்த்தி என்னை ஒருமுறை பார்த்தார். ஸ்ரீபெரும்புதூர் தாலுகா என்றால் அந்த வருஷம் யாரும் அப்படித்தான் நிமிர்வார்கள். மொழிபெயர்க்க ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எனக்கே தெரியும் என்று நான் இங்கிலீஷில் இறங்கினேன். உன் கணவரிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று அதிகாரி கேட்டார். கல்யாணம் நிஜமா பொய்யா என்று பார்ப்பதற்கான கேள்வி அது. "ஹி இஸ் வெரி பிட்டர், சார்" என்றேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த அம்மா பதறிப்போய், கசப்பு என்றால் இவர்கள் பக்கத்தில் உடம்புக்கு நல்லது என்று அர்த்தம் என்று விளக்கினார். அதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் நாட்டில் இதைச் சொல்லப் பெண்களுக்குப் பல வருஷம் ஆகும் என்றாராம். விசா கிடைத்துவிட்டது.

எனக்கு அவ்வளவு நாள் ஆகவில்லை, ஒரு குளிர்காலம் போதுமாக இருந்தது. கார் கம்பெனி என்றது கார் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற ஒரு கொட்டகை. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை, உழைத்துத்தான் சாப்பிட்டோம். அவர் பிறந்தநாளுக்கு அந்தச் செண்டையே வாங்கித் தரலாம் என்று நினைத்து, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டேன். தெரியாது, மௌரீன் வாங்கிக் கொடுத்தது என்றார். அது யார் என்றேன். இந்த வீட்டில் கூட இருந்தவள், நாலு வருஷம் இருந்தாள், போய்விட்டாள் என்றார். பஸ் எப்போது வரும் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"இத ஏன் பொண்ணு பார்க்க வந்தப்ப சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

யோசித்துப் பார்த்தால் அவர் பொய் சொல்லவில்லை. அத்தை கேட்டபோது அவர் தனியாகத்தான் இருந்தார். மௌரீன் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. உண்மையைக் கிணற்றில் போட்டு வைத்திருப்பார், வாளி விட்டால் வரும். எங்கே வாளி விடுவது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

5

அதற்குப் பிறகு புட்டி தீரத் தீர அதையேதான் வாங்கினார். தீபாவளிக்கு நான் வேறு வாங்கிக் கொடுத்தால் வாங்கி உள்ளே வைப்பார், தொடமாட்டார். பெயின்ட் கொட்டகையை விட்டுத் தபால் பிரிக்கிற வேலைக்கு மாறினார். அப்போதும் அதே செண்டு. குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு அதையே அடித்துக்கொண்டு வந்தார். இன்னொருத்தி தேர்ந்தெடுத்த மணத்தோடு ஒரு கட்டிலில் படுப்பது எப்படி இருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். என் புடவைகள் எல்லாம் மௌரீனாக மணந்தன. அவள் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை.

மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதர் என்று ஊரில் எல்லாரும் சொல்வீர்கள். குடியில்லை, அடியில்லை. ஆனால் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஆம்பளைத் திமிர் என்று நினைப்பேன். ஊரிலிருந்து மல்லி வரவழைத்து, மிளகு தட்டி, பார்த்துப் பார்த்து ரசம் வைத்தால், "உப்பு சரியா இருக்கு" என்பார். அதுதான் அவர் கொடுக்கிற உச்சபட்சப் பட்டம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று எத்தனையோ தடவை முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டு போவார்.

மகள் நித்யாவிடம் ஒருமுறை இந்த மௌரீன் கதையைச் சொன்னேன். அவளுக்குத் தமிழ் காதில் விழும், வாயில் வராது. முழுவதும் கேட்டுவிட்டு இங்கிலீஷில் சொன்னாள், அது அப்பாவின் வாசனை, அவ்வளவுதான், அதை மோந்தால் எனக்கு ஸ்கூல் விட்டு வருவதுதான் ஞாபகம் வருகிறது என்று. எனக்கு நஞ்சாக இருந்தது அவளுக்கு வீடாக இருந்திருக்கிறது.

6

புதிய கலவை என்ன ஆனது என்று சொல்கிறேன். பாசியைக் குறைத்த இடத்தை ஏதோ இனிப்பால் நிரப்பியிருந்தார்கள். பச்சை இருந்தது, ஆனால் சந்தையில் தண்ணீர் தெளித்து வைத்த கீரை மாதிரி, வேர் இல்லாத பச்சை. கசப்பு தொண்டைக்கு வரவே இல்லை. ஒன்றுபோல் இல்லை என்று எழுதினேன். என்னோடு மோந்து பார்க்கிற மற்ற மூன்று பேரும் அதையேதான் எழுதியிருந்தார்கள். குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும், அத்தனை வித்தியாசம். ஆனாலும் இதுதான் கடைக்குப் போகும், இனிமேல் பழையது கிடைக்காது என்றாள் கிளேர்.

எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம். மௌரீன் ஒழிந்தாள். அவருடைய முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. இரண்டு பட்டைகளைத் தனித்தனி உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தார். இரண்டையும் நீட்டி, இதில் நீங்கள் போடுவது எது என்று கேட்டேன். ஒன்றை மோந்தார், இன்னொன்றை மோந்தார். "ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். நன்றாகப் பாருங்கள் என்றேன். மறுபடி மோந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து, மூடியால் மறைத்துக்கொண்டு வந்து அவர் மூக்குக்குக் கீழே பிடித்தேன். பெருங்காயம், நம் வீட்டில் பிறந்த பூனைக்குக்கூடத் தெரியும். அவர் டப்பாவைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். என்ன பதில் சொன்னால் சரியாக இருக்கும் என்று என் முகத்தில் தேடினார். இந்தப் பார்வையை எத்தனை வருஷம் சாப்பாட்டு மேஜையில் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எனக்கு எதுவும் தெரியாது தேவகி," என்றார். "பெயின்ட் ஷாப்ல சேர்ந்த ரெண்டாம் வருஷமே மூக்கு போச்சு."

ரெண்டாம் வருஷம் என்றால் எங்கள் கல்யாணத்துக்கு முன்னால். கேசரியில் போட்ட ஏலக்காய் அவருக்குத் தெரியவில்லை. என் தலையில் இரண்டு முறை கட்டிய பூ தெரியவில்லை. நித்யாவின் பால் வாசனை தெரியவில்லை. நான் வைத்த ரசம் ஒன்றுகூட அவரிடம் போய்ச் சேரவில்லை. உப்பு மட்டும் போயிருக்கிறது. மூக்கை வைத்தே பிழைக்கிற எனக்கு, பக்கத்தில் படுத்தவருக்கு மூக்கே இல்லை என்பது தெரியவில்லை.

அப்படியென்றால் இந்தச் செண்டு எதற்கு என்று கேட்டேன்.

"ஒடம்புல பெயின்ட் நாத்தம் அடிக்குது, உனக்குத் தெரியாது, இத அடிச்சுக்கோன்னு மௌரீன் சொன்னா. அதான்."

"பெயின்ட் ஷாப்ப விட்டுத்தான் எவ்ளோ காலம் ஆச்சே."

"நாத்தம் போச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஒரு நிமிஷம் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். தன் உடம்பு நாறுகிறதோ என்று பயந்து பயந்து, இல்லாத ஒரு நாற்றத்துக்கு மேல் இத்தனை காலமாகச் செண்டு அடித்துக்கொண்ட மனிதன். காதலுமில்லை ஒரு கத்தரிக்காயுமில்லை. நான் பொறாமைப்பட்ட அத்தனையும் வெறும் பயம். ஆனால் அடுத்த நிமிஷமே வேறொன்று தோன்றியது. நாலு வருஷம் இருந்தவளுக்கு இது தெரிந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க இருந்த எனக்குத் தெரியவில்லை. அவளிடம் சொல்ல முடிந்ததை என்னிடம் சொல்ல முடியவில்லை. செண்டைவிட இது கசந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே."

இதைக் கேட்டதும் என் மண்டையைக் குடைந்தது நின்றுவிட்டது. நான் சத்தம் போடவில்லை, அழவில்லை. டிக்கெட்டில் ஒன்றை ரத்து செய்துவிடுங்கள் என்றேன்.

"ஏன்? நீ வரலியா?"

"இப்பத்தான் மொதல் தடவையா கேக்கறீங்க," என்றேன். "வரல."

அவர் இரண்டு பட்டைகளையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணால் ஏதாவது தெரிந்துவிடும் என்பது போல. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அங்க எம்மேல நாத்தம் அடிச்சா யார் சொல்லுவா?"

"பிரபுவைக் கேளுங்க," என்றேன். "கேட்டா சொல்லுவான்."